பூக்கூடையும் ஈர்ப்பலையும்

விடியற்காலை நான்கு மணிக்குச் சாலைக் கம்போளத்தை நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்ததில்லை என்றால், திருவனந்தபுரத்தில் தமிழ் எங்கே வாழ்கிறது என்பதை நீங்கள் இன்னும் முழுதாக அறியவில்லை என்பேன். மன்றத்தில் நாம் மேடை போட்டுத் தமிழைப் போற்றுகிறோம். அங்கே தமிழ் மூட்டை சுமக்கிறது, விலை பேசுகிறது, சண்டை போடுகிறது, சண்டை முடிந்ததும் தேநீர் குடிக்கிறது. அந்த நேரத்தில்தான் தோவாளையிலிருந்து பூ வண்டிகள் வந்து நிற்கும். பிச்சியும் அரளியும் கேந்தியும் வாடாமல்லியும் கூடை கூடையாக இறங்கும். அந்தக் கூடைகளின் நடுவே, தோளில் துண்டும் காதில் செருகிய பேனாவுமாக நிற்பவர் என் தந்தையார்.

என் பாட்டனார் காலத்தில் தோவாளையும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரண்டுக்கும் இடையே மாநில எல்லை வந்தது. பூவுக்கு அந்த எல்லை தெரியவில்லை. அது வழக்கம்போல் வந்துகொண்டே இருந்தது. பூவோடு தந்தையார் வந்தார். படிப்பைத் தேடி நானும் வந்தேன். சனிக்கிழமை தோறும் விடுதியிலிருந்து கிளம்பிப் போய் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வழக்கம்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு சனிக்கிழமையில் தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது அவர் கேட்டார்:

“மக்கா, நீ என்ன படிக்கேன்னு ஒரு ஆளு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல்ல. நீ சொல்லு, மனசிலாக்கிக்கிடுதேன்.”

“நூற்று முப்பது கோடி வருசத்துக்கு முன்னால ரெண்டு கருந்துளைகள் மோதி ஒண்ணாச்சுதுப்பா. அதுல கிளம்பின அலை 2015ல பூமிக்கு வந்து சேர்ந்துது. அதைப் பத்தித்தான்.”

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல்ல. அதுலேருந்து ஒளியே வராது.”

“பொறவு ரெண்டுன்னு எப்படித் தெரியும்?”

“எடையே தெரியும்பா. ஒண்ணு சூரியனைப் போல முப்பத்தாறு மடங்கு. இன்னொண்ணு இருபத்தொன்பது மடங்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தராசுல வெச்சாங்களோ?” என்றார்.

“அதுக்கு ஒரு கணக்கு உண்டு. பேய்ஸ்னு ஒருத்தர் போட்டது.”

“பேயா?”

தேநீர்க் கடை முழுவதும் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அன்று அந்தப் பேயைத் தந்தையாருக்கு விளக்கப் போய்த்தான், அதை நான் உண்மையிலேயே புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதாக எண்ணிக்கொண்டேன் என்று சொல்வதே பொருந்தும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தாமஸ் பேய்ஸ் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ சமயகுரு. 1761ஆம் ஆண்டு இறந்தார். அவர் விட்டுச் சென்ற தாள்களில் நிகழ்தகவைப் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. அதை அவர் நண்பர் ரிச்சர்டு பிரைஸ் 1763இல் வெளியிட்டார். விளைவைக் கண்டு காரணத்தை எவ்வளவு உறுதியோடு ஊகிக்கலாம் என்பதே கட்டுரையின் கேள்வி. சில ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் அதே கருத்தைத் தாமாகவே கண்டு விரித்துரைத்தார்.

தந்தையாருக்கு நான் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். பேச்சுக்காக, 2000 கூடைப் பூ வருவதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 100 கூடையில் நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்துப் புதுப்பூப்போல் அனுப்பியிருக்கிறார்கள். மற்ற 1900 கூடையும் இன்று பறித்தவை. தந்தையார் முகர்ந்து பார்க்கிறார். அவர் மூக்கு பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும், ஒருமுறை தவறும். இப்போது ஒரு கூடையை முகர்ந்து, “பழசு” என்கிறார். அது பழைய கூடை என்று எவ்வளவு நம்பலாம்?

“பத்துக்கு ஒம்பது” என்றார் தந்தையார். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் கணக்கு வேறு. பழைய 100 கூடையில் 90ஐ மூக்குக் கண்டுபிடிக்கும். புதிய 1900 கூடையிலும் பத்தில் ஒன்றை, அதாவது 190 கூடையை, அது தவறாகப் பழசு என்று சொல்லிவிடும். ஆக மொத்தம் 280 கூடை “பழசு” என்ற பெயர் வாங்கும். அவற்றில் மெய்யாகவே பழையவை 90. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

தந்தையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதான் நான் மோந்து பாத்ததும் சண்டைக்குப் போவதில்ல, காம்பையும் கிள்ளிப் பாப்பேன்” என்றார்.

நான் வியந்து போனேன். அடுத்த படியை அவரே எடுத்து வைத்துவிட்டார். காம்பைக் கிள்ளும் சோதனையும் பத்துக்கு ஒன்பது சரி என்று கொள்வோம். மூக்கில் சிக்கிய பழைய 90இல் 81 இதிலும் சிக்கும். மூக்கில் தவறிய புதிய 190இல் 19 மட்டுமே இதிலும் தவறும். ஆக, இரண்டு சோதனையிலும் பழசு என்று வந்த 100 கூடையில் 81 மெய்யாகவே பழையவை. முதலில் 100க்கு 5ஆக இருந்த ஐயம், ஒரு சான்றால் 32 ஆயிற்று. இரண்டாம் சான்றால் 81 ஆயிற்று. சான்று வருவதற்கு முன் நாம் கொண்டிருந்த மதிப்பு முன்மதிப்பு. சான்றைக் கண்டபின் திருத்திக்கொண்ட மதிப்பு பின்மதிப்பு. இன்றைய பின்மதிப்பே நாளைய முன்மதிப்பு. பேய்ஸ் கணக்கின் சாரம் இவ்வளவுதான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று சாராமல் தவறவேண்டும். இரண்டும் ஒரே காரணத்தால் தவறுமானால் இரண்டாவது சோதனையால் பயனில்லை. ஈர்ப்பலையைத் தேடியவர்கள் ஒரு கருவியோடு நிற்காமல் இரண்டு கருவிகளை வெகு தொலைவில் அமைத்தது இதனால்தான். லைகோ என்னும் அக்கருவிகளில் ஒன்று அமெரிக்காவின் வடமேற்கே ஹான்ஃபோர்டில் இருக்கிறது. மற்றொன்று தெற்கே லிவிங்ஸ்டனில் இருக்கிறது. இடையே ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். ஒவ்வொன்றிலும் நான்கு கிலோமீட்டர் நீளமான இரண்டு கரங்கள் செங்கோணமாக நீண்டிருக்கின்றன. ஈர்ப்பலை கடக்கும்போது ஒரு கரம் நீளும், மற்றது குறுகும். எவ்வளவு? ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு! தரை நடுங்கினாலும், கண்ணாடியின் அணுக்கள் வெப்பத்தால் அதிர்ந்தாலும், கருவி ஆடிவிடும். எப்போதும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஐந்தில் ஒரு நொடி நீடிக்கும் ஒரு சிறு ஒலியைத் தேடவேண்டும்.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அது கிடைத்தது. முதலில் லிவிங்ஸ்டன் ஆடியது. ஏழு மில்லி நொடி கழித்து ஹான்ஃபோர்டும் அதே வடிவில் ஆடியது. தற்செயலாக இரண்டும் இப்படி ஒத்து ஆடியிருக்கலாம் அல்லவா? அதையும் அளந்து பார்த்தார்கள். இத்தகைய தற்செயல் 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட நேராது என்று கண்ட பிறகே, 2016 பிப்ரவரி 11ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார்கள். 1916இல் ஐன்ஸ்டைன் சொன்னது நூறாண்டு கழித்து மெய்யாயிற்று.

இங்கே நம் நாட்டவர் பங்கையும் சொல்லவேண்டும். எப்படிப்பட்ட அலை வரும் என்று முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டு, கிடைத்த பதிவில் அதைப் பொருத்திப் பார்க்கும் முறைக்கு வழி வகுத்தவர்களுள் சத்தியபிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும் முக்கியமானவர்கள். அவர்கள் கட்டுரை 1991இல் வெளிவந்தது. அடிபட்ட மணி ஒலித்து அடங்குவதுபோலக் கருந்துளையும் ஒலித்து அடங்கும் என்பதை 1970இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் விசுவேசுவரா.

இரண்டிடத்தில் நின்று ஒன்றைக் கேட்பது என்ற கருத்து நம் ஊருக்கும் புதிதன்று. சுவாதித் திருநாள் 1837இல் நிறுவிய வான் ஆய்வுக்கூடம் பாளையத்திற்கு அருகே குன்றின்மேல் இன்றும் நிற்கிறது. 1852இல் அதன் தலைவராக வந்த ஜான் ஆலன் புரூன் என்பவர், காந்த ஊசியின் அசைவைக் கீழே நகரத்தில் மட்டும் அளந்தால் போதாது என்று எண்ணினார். அகத்தியர் மலை உச்சியில், மழையும் அட்டையும் நிறைந்த காட்டைக் கடந்து, மற்றோர் ஆய்வுக்கூடம் கட்டினார். இரண்டிடத்து அளவுகளையும் ஒப்பிட்டார். அந்த அளவுகள் 1874இல் நூலாக வந்தன. ஓர் ஊசி மட்டும் ஆடினால் ஊசியை ஐயுறு. இரண்டும் சேர்ந்து ஆடினால் உலகை நோக்கு. தமிழ் முனிவர் பெயரால் வழங்கும் மலையில் இந்தப் பாடம் அன்றே படிக்கப்பட்டது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அலை வந்தது என்பது முதற்படி. அதை எழுப்பியவை எவை? என்ன எடை? எவ்வளவு தொலைவு? இங்கேதான் பேய்ஸ் கணக்கு முழு வேகத்தோடு நுழைகிறது. இரண்டு எடைகள், சுழற்சிகள், தொலைவு, திசை, சாய்வு என்று மொத்தம் 15 அளவுகள் நமக்குத் தெரியவேண்டும். ஓர் ஊகத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஊகம் உண்மையானால் எத்தகைய அலை வந்திருக்கும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கையைக்கொண்டு கணிக்கலாம். அதைப் பதிவிலிருந்து கழிக்கவேண்டும். மிஞ்சுவது வழக்கமான இரைச்சலாக இருந்தால் ஊகம் நல்லது. மிச்சத்தில் இன்னும் ஒரு ராகம் ஒலித்தால் ஊகம் தவறு.

ஆனால் எத்தனை ஊகம்? ஒவ்வோர் அளவுக்கும் பத்தே பத்து மதிப்புகளைச் சோதித்தாலும், ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழி போட்ட எண் வரும். நொடிக்கு ஒரு லட்சம் ஊகத்தைச் சோதித்தாலும் 300 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆதலால் எல்லா இடத்திற்கும் போவதில்லை. மூடுபனி சூழ்ந்த மலையில் ஒருவன் நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நல்ல ஊகம் இருக்கும் இடம் மேடு. தவறான ஊகம் பள்ளம். அவன் மேடு கண்டால் ஏறுவான். பள்ளம் கண்டால் பெரும்பாலும் மறுத்து நிற்பான், சில வேளை இறங்கியும் பார்ப்பான். நெடுநேரம் நடந்தபின், அவன் காலடிகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கே உண்மை இருக்க வாய்ப்பு மிகுதி. இந்த நடைக்கு முதல் விதி 1953இல் வகுக்கப்பட்டது. இன்று இன்னும் சிறந்த முறைகள் வந்துவிட்டன.

இவ்வாறு கிடைக்கும் விடை ஒற்றை எண் அன்று. பெரிய கருந்துளையின் எடை 36 சூரியன் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வாளர் எழுதியதோ, 32க்கும் 41க்கும் இடையே இருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்பது. தொலைவும் அவ்வாறே: ஏறத்தாழ 75 கோடி ஒளியாண்டு முதல் 185 கோடி ஒளியாண்டு வரை. நடுவே நிற்கும் 130 கோடிதான் செய்தியாயிற்று. தொலைவில் ஏன் இவ்வளவு அகலம்? நாகசுரத்தை நம் பக்கம் திருப்பித் தொலைவில் ஊதினாலும், வேறு பக்கம் திருப்பி அருகில் ஊதினாலும், காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும் அல்லவா? அதுபோல முகம் காட்டித் தொலைவில் சுழலும் இணையும், சாய்ந்து அருகில் சுழலும் இணையும் ஏறத்தாழ ஒரே வலிமையில் கேட்கின்றன. இந்த மயக்கத்தை மறைக்காமல் அகலமாகவே எழுதுவதுதான் நேர்மை.

நேர்மை என்ற சொல்லை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது.

லைகோவின் பதிவுகள் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ‘பில்பி’ என்னும் கணிப்பு நிரலும் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றைக்கொண்டு, அந்த முதல் நிகழ்ச்சியை நானே மறுபடி கணித்துப் பார்ப்பது என் முதுகலை ஆய்வு. விடுதி அறையில் இருந்த என் பழைய கணிப்பொறிக்கு இது பெருஞ்சுமை. சோதனை ஓட்டம் விரைவில் முடியவேண்டும் என்று, தொலைவு 130 கோடி ஒளியாண்டைத் தாண்டாது என ஒரு வேலி போட்டேன். அது முன்மதிப்பில் போட்ட வேலி. அதற்கு அப்பால் உண்மை இருக்க வாய்ப்பே இல்லை, சுழி, என்று கணிப்பொறியிடம் சொல்லிவிட்டேன். பிறகு வேலியை எடுக்க மறந்து, முழு ஓட்டத்தையும் அப்படியே ஓட விட்டேன்.

விடை வந்தது. தொலைவு 90 கோடிக்கும் 130 கோடிக்கும் இடையே! உலகம் 110 கோடி அகலத்தில் சொன்னதை நான் 40 கோடி அகலத்தில் சொல்லிவிட்டேன். துறைக் கருத்தரங்கில் அந்த எண்ணை அட்டவணையாகக் காட்டினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் அன்று வெளியூரில் இருந்தார். நண்பர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் மூன்று நாள் என் காதில் ஒலித்தது. பேராசிரியர் தொலைபேசியில் அழைத்து, திங்கட்கிழமை படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மேற்படிப்புக்கு நான் கேட்டிருந்த பரிந்துரைக் கடிதத்தையும் அன்றே எழுதித் தருவதாகச் சொன்னார்.

வெள்ளி இரவு படம் வரைய உட்கார்ந்தேன். தொலைவின் வரைகோடு மெல்ல மெல்ல ஏறியது. 130 கோடியில் உச்சிக்கு வந்தது. அங்கேயே சுவர்போலச் செங்குத்தாக வீழ்ந்தது. இயற்கை அப்படிச் சுவர் கட்டுவதில்லை. சுவர் கட்டியவன் நான். காலடிகள் எல்லாம் வேலியின் ஓரத்தில் வந்து குவிந்து, அப்பால் போக வழியின்றி நின்றுகொண்டிருந்தன. தொலைவு குறுகியதால் எடையும் சற்றுப் பிசகியிருந்தது. விண்வெளி விரிவதால் அலை நீண்டு வருகிறது. அந்த நீட்சியைக் கழித்தே மெய்யெடை காணவேண்டும். நீட்சியை அறியத் தொலைவு வேண்டும். ஒரு வேலி எத்தனை இடத்தைக் கெடுத்துவிட்டது!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வரைகோட்டை மெருகேற்றும் வசதி ஒன்று அந்த நிரலில் உண்டு. அதைச் சற்றே மிகுத்தால் சுவர் சரிவாகிவிடும். அன்று நள்ளிரவில் அதைச் செய்து பார்த்தேன். படம் அழகாக வந்தது. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த அழகிய படத்தை அணைக்காமலே சாலைக்குக் கிளம்பிப் போனேன்.

கூடைகள் இறங்கி முடிந்தபின் தந்தையாரிடம் கேட்டேன்: “அப்பா, 2018 ஓணத்துல உங்க கணக்கு தப்பிச்சுல்லா? அப்ப என்ன செஞ்சீங்க?”

அந்த ஆண்டை நான் மறக்கவில்லை. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஓணங்களின் விற்பனையை வைத்துத் தந்தையார் தோட்டக்காரர்களிடம் விலை பேசிப் பூவை எடுத்திருந்தார். ஆகஸ்டு 15ஆம் நாள் அத்தம். அன்று கேரளம் வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. அரசு ஓணக் கொண்டாட்டத்தைக் கைவிட்டது. பூக்களம் போட யாருக்கு மனம் வரும்? கேந்தியும் வாடாமல்லியும் கூடையிலேயே அழுகின. அம்மாவின் வளையல்கள் அந்த ஓணத்தோடு போயின.

“என்ன செய்ய? வீடு வீடாப் போயி, என் கணக்கு தப்பிப் போச்சு, ரூவா பையத் தருவேன்னு சொன்னேன். ரெண்டு வருசம் ஆச்சு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார்: “கணக்கு தப்புறது குத்தமில்ல மக்கா. போன வருசத்தப் பாத்துத்தான் இந்த வருசக் கணக்கு. வெள்ளம் வரும்னு யாரு கண்டா? ஆனா தப்புன கணக்க மறைச்சிருந்தா, மறு ஓணத்துக்கு எவன் எனக்குக் கூடை தந்திருப்பான்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஏன் கேட்டாய் என்று கேட்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டி, “அரளி பன்னிரண்டு, எழுது” என்றார்.

திங்கட்கிழமை பேராசிரியர் மேசையில் இரண்டு படங்களையும் வைத்தேன். சுவர் உள்ள படம் ஒன்று. மெருகேற்றிய படம் ஒன்று. எது எப்படி வந்தது என்றும் சொன்னேன். அவர் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். மெருகேற்றிய படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சுவர்ப் படத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். “வேலியை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட விடு. அடுத்த கருத்தரங்கில் இந்தச் சுவரையும் காட்டு” என்றார். கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுபடி ஓட விட என் கணிப்பொறிக்கு நாள் போதாது. அப்போது எனக்குத் தன் கணிப்பொறியைத் தந்து உதவியவன், விடுதியில் பக்கத்து அறை மலையாள நண்பன். இவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வந்த முதல் வாரத்தில், யாரோ கேட்டதற்கு அவன் என்னைப் “பாண்டி” என்று சுட்டிச் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றே அவனைச் சுற்றி ஒரு வேலி போட்டுவிட்டேன். பிறகு அவன் எத்தனையோ முறை சாப்பிட அழைத்தான். காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கி வந்தான். ஒன்றும் என் மதிப்பை அசைக்கவில்லை. சுழியை எந்தச் சான்றால் பெருக்கினாலும் சுழிதானே! நான்கு இரவுகள் அவன் கணிப்பொறி எனக்காக ஓடியது. நான்காம் இரவு, அந்தச் சொல்லை அன்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவனுக்கு நினைவே இல்லை. வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டான். வெட்கப்பட எனக்கும் காரணம் இருந்தது.

முன்மதிப்பு இல்லாமல் யாரும் சிந்திக்க முடியாது. முன்மதிப்பு வேறு, முன்முடிவு வேறு. இதே நகரில் பேராசிரியராக இருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். திருஞானசம்பந்தர் 13ஆம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் எழுதியிருந்தார். பெரியவர் சொன்னது என்று சுந்தரம் பிள்ளை அங்கே நின்றுவிடவில்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக வைத்து எடைபோட்டு, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவினார். அறுநூறு ஆண்டு அகலமான வேலியை அவர் தாண்டினார். சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னதில் உள்ள மெய்யைப் பார்க்கச் சொன்ன வள்ளுவர் வழியும் அதுதான்.

ஐந்தாம் நாள் விடை வந்தது. வேலி இல்லாத வரைகோடு 130 கோடியைத் தாண்டி ஏறி, மெதுவாக இறங்கி, 185 கோடிக்கு அருகே அடங்கியது. உலகம் முன்பே சொன்ன அதே அகலம். நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கருத்தரங்கில் சுவர்ப் படத்தை முதலில் காட்டினேன். நான் செய்த பிழையைச் சொன்னேன். பிறகு சரியான படத்தைக் காட்டினேன். இம்முறை கைதட்டல் குறைவு. முடிந்ததும் முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து, சுவர் உள்ள படத்தின் கோப்பைக் கேட்டு வாங்கிப் போனாள். தன் கணக்கிலும் அப்படி ஒரு சுவர் நிற்பதாக ஐயமாம். பரிந்துரைக் கடிதம் பின்னர் உரிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்தது. அதில் பேராசிரியர் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது.

பெரியவர்களுக்கும் இத்தகைய இக்கட்டு வருவதுண்டு. 2017 ஆகஸ்டு 17ஆம் நாள் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த அலை வந்தபோது, லிவிங்ஸ்டன் கருவியில் இணைவுக்குச் சற்று முன்னே ஒரு பெரிய இடறல் பதிவாகியிருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. இடறலை இடறல் என்றே காட்டி, அதை மட்டும் நீக்கி, நீக்கிய முறையையும் எழுதி வைத்தார்கள். இத்தாலியின் விர்கோ கருவியும் மூன்றாவதாகச் சேர்ந்திருந்ததால் திசை நன்கு குறுகியது. முதல் நிகழ்ச்சியில் வானத்தின் 600 சதுரப் பாகை அளவில் பரந்து கிடந்த ஐயம், இதில் 28 சதுரப் பாகைக்குள் அடங்கியது. தொலைநோக்கிகள் அந்தத் திசையில் தேடி, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு மண்டலத்தில் அந்த ஒளியைக் கண்டுபிடித்தன. கணக்கு காட்டிய இடத்தில் கண்ணும் கண்டது.

நம் நாட்டிலும் மராட்டிய மாநிலத்து ஹிங்கோலி மாவட்டத்தில் ஒரு லைகோ அமையவிருக்கிறது. சுமார் 2600 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பூமியின் இந்தப் பக்கத்திலும் ஒரு காது இருந்தால் வானத்தின் ஐயம் இன்னும் குறுகும். அங்கே பணி செய்ய நம்மில் சிலரேனும் போகவேண்டும் என்பது என் ஆசை. போகும்போது கருவியைப் பற்றிய அறிவோடு, தப்பிய கணக்கைத் தப்பிற்று என்று சொல்லும் துணிவையும் எடுத்துச் செல்லவேண்டும்.

சென்ற சனிக்கிழமை தந்தையாரிடம் புதிய விடையைச் சொன்னேன். தொலைவு 75 கோடிக்கும் 185 கோடிக்கும் இடையே என்றேன்.

“அவ்வளவு அகலமாவா?” என்றார்.

“ஆமாப்பா. இப்போதைக்கு அவ்வளவுதான் தெரியும்.”

அவர் ஒரு கூடையை முகர்ந்தார். காம்பைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, “தெரிஞ்சத மட்டும் சொன்னாப் போதும் மக்கா” என்று சொல்லிவிட்டு, அடுத்த கூடைக்குப் போனார்.